படித்த பெண்ணுக்குப் பணி எங்கே?

எழுத்தறிவு வந்தால் ஏற்றம் வரும் என்று மேடைதோறும் முழங்கினோம். முழங்கியது முறையே. ஆனால் அந்த ஏற்றம் எவருக்கு வந்தது, எம்மட்டில் வந்தது? மதுரை மாநகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் வைத்துக் கணக்குப் பார்த்திடல் வேண்டும், தோழர்களே!

1892-ல் ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலை நூல் நூற்கத் தொடங்கியது. ஆலை வாயிலிலே ஏட்டுப் படிப்பைக் கேட்பாரில்லை. உழைக்கும் கை போதும். கச்சேரியோ படிப்பைக் கேட்டது. படிப்போ ஒரு சாராரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்திட நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புரிமை ஆணை பிறப்பித்தது. 1928-ல்தான் அது முறையாகச் செயலுக்கு வந்தது. ஆணை எழுதிய பேனா விரைந்தோடிற்று. நிறைவேற்ற வேண்டிய பேனாவிலே மை உறைந்துவிட்டது போலும்!

நகருக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சீமையிலே நிலை இன்னும் கொடிது. பிறமலைக் கள்ளர் மீது ரேகைச் சட்டம் பாய்ந்தது. இரவிலே காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியவன், ராதாரிச் சீட்டின்றி வெளியூர் போகக் கூடாதவன், எந்த ஆலையிலே நிரந்தர வேலை பார்ப்பான்? 1920-ல் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றோர் மீது குண்டு பொழிந்தது. பின்னர் அரசினரே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைத் திறந்தனர். ஒரு கையால் ரேகை பிடித்து, மறு கையால் சிலேட்டு நீட்டிய வேடிக்கை அது! சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல். அப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளோ ஆசிரியர்களாயினர், அலுவலர்களாயினர்.

ஆண் பிள்ளைக்கு வழி பிறந்தது. பெண்ணுக்கு?

1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியைப் பெண்களுக்கே தருக என்றது. கேட்டவர் நகைத்தனர். எனினும், படித்த பெண் முழுநேர ஊதியம் பெறத் திறந்திருந்த வாயில்களில் முதன்மையானது அதுவே. மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948-லும், பாத்திமா கல்லூரி 1953-லும், மீனாட்சி அரசினர் கல்லூரி 1965-லும் எழுந்தன. அரசுப் பணியில் மகளிர்க்கு 30 விழுக்காடு 1989-ல் வந்தது.

ஆயினும் இன்று காண்பதென்ன? எழுத்தறியா ஏழைப் பெண் மேலூர் வயலிலே நாற்று நடுகிறாள். நட்டால்தான் அடுப்பு எரியும். பட்டம் பெற்றவளில் ஒரு பகுதியினர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்கின்றனர். இடையிலே நிற்பவள்தான், பத்தோ பன்னிரண்டோ தேறியவள்தான், வீட்டோடு முடக்கப்படுகிறாள். களை பறிக்கப் போனால் 'படித்தவளுக்கு இது தகுமா' என்கிறது குடும்பம். அலுவலகமோ அவளை அழைப்பதில்லை. அதே வகுப்பில் தேறிய அவள் அண்ணன் பட்டறைக்குப் போகிறான், லாரி ஓட்டுகிறான், ஜவுளிக் கடையிலே துணி விரிக்கிறான். அவனிடம் எவரும் 'தகுமா' என்று கேட்பதில்லை. இந்தியா முழுமைக்கும் ஆய்வாளர் கண்ட போக்கும் இதுவே: பெண்ணுழைப்பு இரு முனையிலும் உயர்ந்து, நடுவிலே பள்ளம் விழுகிறது.

பட்டம் பெற்றோர் பாடும் எளிதன்று. 2022-ல் இந்திய இளைஞரில் வேலையற்றோர், எழுதப் படிக்கத் தெரியாதாரிடையே 3.4 விழுக்காடு; பட்டதாரிகளிடையே 29.1. பட்டதாரிக்குக் காத்திருக்க ஒரு வீடு உண்டு. மற்றவனுக்குக் காத்திருந்தால் கஞ்சி இல்லை. கல்வி கெடுதல் செய்தது என்று இதைத் திரித்துரைப்போர் குலக்கல்விக்குப் பல்லக்குத் தூக்கிய பரம்பரையினர்!

அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. படிப்பு முடிந்ததும் அந்தத் தொகை நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வரவு தொடங்குகிறது.