கிறவல் றோட்டில் 1,900 மைல்

மவுண்டன் பைக் எப்படிப் பிறந்தது என்று தேடினால் அநேகமாக ஒரே கதைதான் வரும். 1976 ஒக்டோபர் 21, கலிபோர்னியாவில் மரின் கவுண்டி. சில இளைஞர்கள் 1930களின் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைக்கு ஏற்றிப்போய், ஒரு மண் பாதையில் யார் முதலில் கீழே வருவது என்று போட்டி வைத்தார்கள். பின்னால் மிதித்தால் பிடிக்கிற அந்தப் பழைய பிரேக், கீழே வருவதற்குள் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். நல்ல கதை, உண்மையான கதையும்கூட.

ஆனால் அதற்கு 80 வருடங்கள் முன்பே மலையிலும் காட்டிலும் சைக்கிள் ஓடிய ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள். அமெரிக்க இராணுவத்தின் 25ஆவது காலாட்படை, மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டை. அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவுகள், அதிகாரிகளோ வெள்ளையர்கள். அப்படி ஓர் அதிகாரி லெப்டினன்ட் ஜேம்ஸ் மொஸ். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் தன் வகுப்பில் கடைசியாக வந்தவர். சைக்கிள் புல் தின்னாது, தண்ணீர் கேட்காது, ஆகவே குதிரைக்குப் பதிலாக ஏன் சைக்கிளைப் பயன்படுத்தக்கூடாது என்பது அவருடைய கேள்வி. 1896இல் எட்டுச் சிப்பாய்களோடு யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போய்வந்தார். அங்கே வெந்நீர் ஊற்றுகளின் சுண்ணாம்புப் படிகளில் சைக்கிள்களோடு அவர்கள் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. தேடிப் பாருங்கள், ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள்.

அடுத்த வருடம்தான் பெரிய பயணம். 1897 ஜூன் 14 காலை 20 சிப்பாய்களும் மொஸ்ஸும் ஒரு மருத்துவரும் எட்வர்ட் பூஸ் என்ற இளம் நிருபரும் புறப்பட்டார்கள். போய்ச்சேர வேண்டிய இடம் செயின்ட் லூயிஸ், சுமார் 1,900 மைல், அதாவது 3,000 கிலோமீற்றருக்கு மேல். ஸ்போல்டிங் கம்பனி கொடுத்த சைக்கிள்களில் கியர் மாற்ற வழியில்லை, ஒரே ஒரு கியர்தான். கூடாரம், போர்வை, சாப்பாடு எல்லாம் கட்டினால் ஒரு சைக்கிள் 25 கிலோவுக்கு மேல். அதோடு துவக்கும் இருந்தது. பழுதானால் பார்க்க ஜோன் ஃபிண்ட்லி என்ற சிப்பாய் இருந்தார். சிக்காகோவில் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அனுபவம் அவருக்கு.

இன்று 'கிரவல் பைக்கிங்' என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து ஓடுகிறோமே (ஊரில் அம்மம்மா காலத்தில் இது வெறும் 'கிறவல் றோட்டு', எல்லோரும் பழைய ரலி சைக்கிளில்தான் போனார்கள்), அவர்களுக்கு அந்தக் கிறவலே பெரிய அதிர்ஷ்டம். மொன்டானாவில் மழை பெய்தால் களிமண் பசைபோல டயரில் ஒட்டி சில்லே சுற்றாது. இறங்கித் தள்ள வேண்டும், தள்ளவும் முடியாவிட்டால் தூக்க வேண்டும். றோட்டைவிட மேல் என்று பல இடங்களில் ரயில் தண்டவாளத்தின் நடுவே, சிலிப்பர் கட்டைகள்மேல் குலுங்கிக் குலுங்கி ஓடினார்கள். மலைத்தொடரைத் தாண்டும்போது ஜூன் மாதத்திலும் பனி. நெப்ராஸ்காவில் அதற்கு நேர்மாறு: சுடுமணல், சைக்கிள் ஓடவே முடியாது. அங்கே கிடைத்த காரத் தண்ணீரைக் குடித்துப் பலருக்கு வருத்தம் வந்தது, மொஸ்ஸுக்கும்தான்.

ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 41 நாள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு ரயிலில் திரும்பிப் போனார்கள். அடுத்த பயணம் சான் பிரான்சிஸ்கோவுக்கு என்று மொஸ் கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. 1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது, படை கியூபாவுக்குப் போனது, சைக்கிள் கதை அதோடு முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மொஸ்ஸின் பெயரைச் சொல்லி அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பவர் மிங்கோ சாண்டர்ஸ். 1897 பயணத்தில் சிப்பாய்களுக்கு மூத்தவராக ஓடிய சார்ஜன்ட் அவர். 1906 ஓகஸ்டில் 25ஆவது படையின் மூன்று கம்பனிகள் டெக்சஸில் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் இருந்தன. ஓர் இரவு ஊருக்குள் துப்பாக்கிச்சூடு, ஒருவர் இறந்தார். ஊர்க்காரர் சிப்பாய்கள்மேல் பழி போட்டார்கள். சிப்பாய்கள் படைமுகாமில்தான் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யார் சுட்டது என்று எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஏதாவது இருந்ததா என்பதே கேள்வி. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் விசாரணை மன்றம் எதுவும் வைக்காமல் 167 பேரையும் மரியாதையின்றி இராணுவத்திலிருந்து நீக்கினார்.

அந்த 167 பேரில் சாண்டர்ஸும் ஒருவர். கால் நூற்றாண்டுச் சேவை, ஓய்வூதியத்துக்குக் கிட்ட வந்திருந்தவர். திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். கியூபாப் போரில் ரூஸ்வெல்ட்டின் பசித்த ஆட்களுக்குத் தன் கம்பனி ரொட்டி பகிர்ந்துகொடுத்ததையும் அவர் நினைவுபடுத்திப் பார்த்தார்.

1972இல் இராணுவம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்து எல்லோருக்கும் கௌரவமான விடுவிப்பு வழங்கியது. சாண்டர்ஸ் 1929இலேயே இறந்துவிட்டார்.