பதினைந்து ஊசிகளும் ஒரு மஞ்சள் திரையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மானிட்டருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. வெள்ளையெல்லாம் மஞ்சள், நீலமெல்லாம் கறுப்பு. காரணம் வேறு யாருமில்லை, அடியேன்தான். விஜிஏ கேபிள் முனையில் வளைந்திருந்த ஒரு ஊசியை நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று குறடால் பிடித்தேன். டக்கென்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

அது 2006-ல் அப்பா சீட்டு எடுத்து வாங்கிய 17 அங்குல மானிட்டர். அந்தக் காலத்துப் பெரிய டப்பா. கேபிள் மானிட்டரோடு சேர்ந்தே இருக்கும், கழற்றி வேறு மாட்ட முடியாது. விசாரித்த கடையில், "தம்பி, இதை எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார்கள். அதை அப்பாவிடம் யார் சொல்வது? சரி, முனையை மட்டும் நாமே மாற்றுவோம் என்று இறங்கினேன். நான் படிப்பது பி.காம்., சால்டரிங் எல்லாம் எங்கள் சிலபஸில் கிடையாது :-) எந்த ஊசி எதற்கு என்று தேடப் போனவன், ஒரு பெரிய வியாபாரச் சண்டைக்குள் போய் விழுந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த முனை. ஆங்கில 'டி' எழுத்து போன்ற அந்த உலோகச் சட்டம் விஜிஏவுக்காகப் பிறந்ததே இல்லை. 1952-ல் கேனன் நிறுவனம் கொண்டுவந்த குடும்பம் அது. சட்டத்தின் அளவுக்கு ஏற்ப ஏ முதல் ஈ வரை எழுத்து உண்டு. கடையில் எல்லோரும் 'டிபி-15' என்று கேட்டாலும், விஜிஏ இருப்பது 'ஈ' சட்டத்தில். சரியான பெயர் டிஈ-15. 'ஈ' சட்டம் முதலில் 9 ஊசிகளுக்கானது. அதே இடத்தில் மூன்று வரிசையாக 15 ஊசிகளைத் திணித்தால் ஒவ்வொன்றும் ஒல்லியாகத்தானே இருக்கும்? முக்கால் மில்லிமீட்டர் தடிமன். என் குறடுக்கு அது எம்மாத்திரம்!

இனி சண்டைக்கு வருவோம். 1981-ல் ஐபிஎம் தன் பிசியை வெளியில் கிடைத்த பாகங்களை வாங்கிக் கோத்தது. அதையே பார்த்து காம்பாக் போன்றவர்களும் செய்தார்கள், விற்றார்கள், ஐபிஎம்மின் பிடி நழுவியது. அதை மீட்க 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 என்ற புது வரிசையை இறக்கினார்கள். அதன் உள்ளே கார்டு செருகும் அமைப்பு, மைக்ரோ சேனல், முற்றிலும் புதிது. நகலெடுக்க வேண்டுமா? உரிமம் வாங்கு, ராயல்டி கொடு. பூட்டு அதுதான். விஜிஏ அதே பெட்டியின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன வாய், அவ்வளவே.

எதிராளிகள் சும்மா இருக்கவில்லை. 1988-ல் ஒன்பது நிறுவனங்கள் கைகோத்து ஈசா என்ற மாற்று அமைப்பை அறிவித்தன. மைக்ரோ சேனல் மெல்ல மறைந்தது. ஆனால் விஜிஏவை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்! சில்லு செய்பவர்கள் அதேபோல் செய்து பழைய வகைக் கார்டுகளில் ஏற்றி விற்றார்கள். 2005-ல் ஐபிஎம் தன் பிசி வியாபாரத்தையே லெனோவோவுக்கு விற்று வெளியேறியது. அப்போதும் கடையில் புதிதாக வந்த கணினிகளின் பின்னால் அந்த 15 ஓட்டைகள் இருந்தன. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2015-க்குள் இதை ஒழிப்போம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. (28 வருடம். எங்கள் அக்கவுண்டன்சி புத்தகத்தில் எந்த இயந்திரத்துக்கும் இத்தனை ஆயுள் போட்டு நான் பார்த்ததில்லை.)

ஏன் இத்தனை ஆயுள்? கேபிளை வெட்டியபோதுதான் புரிந்தது. 1984-ல் வந்த ஈஜிஏவில் நிறத்துக்கு ஆறு கம்பிகள். ஒவ்வொன்றும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும். ஆகவே 64 நிறம், அதற்கு மேல் வேண்டுமென்றால் கம்பியைக் கூட்ட வேண்டும். விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே கம்பிகள். ஒவ்வொன்றிலும் பூஜ்ஜியத்திலிருந்து 0.7 வோல்ட் வரை எந்த அளவும் போகலாம். 1987-ல் கார்டு தரக்கூடியது 2,62,144 நிறங்கள். பின்னால் வந்த கார்டுகள் 1.67 கோடி நிறங்களை அனுப்பியபோதும் கம்பி ஒன்றும் சொல்லவில்லை, அதற்குக் கணக்கே தெரியாதே!

நான் ஒடித்தது 3-ஆம் ஊசி, நீலம். நீலம் போனால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள். பழைய முனையைக் கொஞ்சம் கேபிளோடு சேர்த்து வெட்டி, மல்டிமீட்டரை வைத்து எந்தக் கம்பி எந்த ஊசிக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். மெல்லிய கம்பிகளின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்பக் கூடாது. நிறக் கம்பிகள் 1, 2, 3. அவற்றைச் சுற்றியுள்ள வலைக் கம்பிகள் 6, 7, 8. திரை ஒழுங்குக்கு 13, 14. மானிட்டர் டப்பாவை மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். நீங்களும் தொடாதீர்கள்.

மூன்று மணி நேரம், இரண்டு சூடு, நிறம் வந்துவிட்டது. 12, 15 ஊசிகளை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் தலைவலி. திரை 60 ஹெர்ட்ஸில் மினுக்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் வைக்க விண்டோஸ் இடமே கொடுக்கவில்லை. மறுபடி படித்தால், மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் வழியே அந்த இரண்டும்தான். ஐபிஎம் காலத்தில் மானிட்டரின் வகையைக் காட்ட ஒதுக்கிய ஊசிகள், 1994-ல் வேசா அமைப்பு அவற்றுக்கு இந்த வேலையைக் கொடுத்தது.

மறுநாள் அதையும் பற்றவைத்தேன். 85 ஹெர்ட்ஸ் வந்தது, மினுக்கல் நின்றது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, என்ன ரிப்பேர் பண்ணே?" என்றார்.