வட்டம் உருண்டையாவது எப்படி? கணினித் திரையில் ஒளியும் வடிவமும்

பிளெண்டர் போன்ற ஒரு முப்பரிமாண மென்பொருளில் சாம்பல் நிற உருண்டை ஒன்றை வைத்து, ஒளிக் கணக்கை முழுவதுமாக நிறுத்திப் பாருங்கள். திரையில் மிஞ்சுவது ஒரு தட்டையான வட்டம். உருண்டையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். பார்க்கிற நமக்குத்தான் தெரிவதில்லை. பக்கவாட்டில் ஒரு விளக்கைச் சேர்த்தவுடன், உருவத்தில் எதையும் மாற்றாமலே, வட்டம் உருண்டையாகிவிடுகிறது.

இதற்கு அடிப்படையான விதி கணினியைவிட மிகப் பழையது. யொகான் ஹைன்ரிச் லம்பேர்ட் 1760 இல் வெளியிட்ட ஒளியளவியல் நூலோடு அவ்விதி சேர்த்துப் பேசப்படுகிறது. சுவருக்கு நேரே டோர்ச் அடித்தால் வெளிச்சம் சிறிய வட்டமாக, பிரகாசமாக விழும். சரித்து அடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கும். ஆகவே, ஒரு மேற்பரப்பின் பிரகாசம் அது விளக்கின் பக்கம் எவ்வளவு முகம் காட்டுகிறது என்பதைச் சொல்கிறது. உருண்டையில் அந்த முகம் புள்ளிக்குப் புள்ளி திரும்பிக்கொண்டே போகிறது. சாம்பல் நிறமும் அதற்கேற்பக் கறுத்துக்கொண்டே போகிறது. அந்த மாற்றத்தைத்தான் கண் வளைவாக வாசிக்கிறது.

இந்த விதியைத் திரைக்குக் கொண்டுவந்த வேலையில் பெரும்பகுதி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1970களின் முதற்பாதியில் நடந்தது. அப்போதைய கணினிகளுக்கு வளைவு ஒன்றை அப்படியே கையாள்வது பெரும் பாரம். அதனால் வளைந்த பொருளைச் சிறுசிறு தட்டைப் பல்கோணங்களாக வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறத்தைப் பூசினால் கிடைப்பது பட்டை தீட்டிய கல் போன்ற உருவம். பல்கோணங்களைச் சிறிதாக்கினாலும் குறை முழுதாகப் போகவில்லை. இரு நிறங்கள் சந்திக்கும் எல்லையைக் கண் மிகைப்படுத்திப் பார்க்கும் என்பது அதற்கு ஒரு காரணம்.

பிரெஞ்சுக்காரரான ஹென்றி கூரோ 1971 இல் இதற்கு ஒரு வழி கண்டார். மூலைகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, இடைப்பட்ட பகுதியில் நிறத்தைப் படிப்படியாகக் கலந்துவிடுவது. அவர் பரிசோதித்த உருவம் தன் மனைவி சில்வியின் முகம். அந்த முகத்தில் கோடுகள் வரைந்து, அளந்து, பல்கோணங்களாக்கினார். முறையைப் பூசியதும் முகம் வழுவழுப்பானது. பல்கோணங்கள் எங்கும் போய்விடவில்லை, மறைந்திருந்தன, அவ்வளவுதான். பழைய வீடியோ கேம் ஒன்றில் பாத்திரத்தின் தலையைக் கவனித்தால் இது பிடிபடும். கன்னம் மிருதுவாக இருக்கும், தலையின் வெளிக்கோடோ மூலை மூலையாக உடைந்திருக்கும். உள்ளே நிழல் ஏமாற்றலாம், விளிம்பில் ஏமாற்ற முடியாது.

கூரோவின் முறையில் இன்னொரு குறையும் இருந்தது. பளபளப்பான பொருளில் தெரியும் ஒளிப்புள்ளி பல்கோணத்தின் நடுவே விழுந்தால், மூலைகளை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அது அகப்படாது. இதைத் தீர்த்தவர் பூய் துவோங் ஃபோங். 1942 இல் ஹனோயில் பிறந்து, சைகோனிலும் பிரான்ஸிலும் வாழ்ந்து, 1971 இல் யூட்டாவுக்கு வந்தவர். நிறத்தைக் கலப்பதற்குப் பதிலாக, மேற்பரப்பு எந்தத் திசைக்கு முகம் காட்டுகிறது என்பதையே புள்ளிக்குப் புள்ளி கலந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைப் புதிதாகக் கணக்கிட்டார். சுற்றுப்புற ஒளி, பரவும் ஒளி, பளபளப்பு என்று மூன்றாகப் பிரித்த அவருடைய மாதிரி இன்றும் வரைகலை மாணவர்களின் ஆரம்பப் பாடம். அந்தப் பளபளப்பு வெறும் அலங்காரமல்ல. கூர்மையாக வளைந்த இடத்தில் அது சுருங்கும், உருளையின் மேல் நீளக் கோடாகும், நெளிவில் தானும் நெளியும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போலக் காட்டுகிறது என்ற குறை அந்த மாதிரிக்கு உண்டு. அது நியாயமான குறைதான். அவருடைய கட்டுரை 1975 இல் அச்சானது. அதே ஆண்டு, 32 வயதில் அவர் இறந்துபோனார்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில் எல்லாம் கெட்டுப்போகலாம். தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், நிழலிலிருந்து வடிவத்தைக் கண் எப்படி ஊகிக்கிறது என்பது பற்றி 1988 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மேற்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் இருக்கும் வட்டம் புடைப்பாகத் தெரிகிறது. அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடுகிறது. ஒளி மேலிருந்துதான் வரும், ஒரே மூலத்திலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்கிறது. 'மேல்' என்பது தலையைப் பொறுத்தது என்பதுதான் வேடிக்கை. படத்தை விட்டுவிட்டு உங்கள் தலையைத் தலைகீழாக்கினாலும் குழி புடைப்பாகும்.

வரைபடக் கலைஞர்கள் இதனுடன் சமரசம் செய்துகொண்டார்கள். மலைகளுக்கு நிழலிட்ட வரைபடங்களில் ஒளி வழக்கமாக வடமேற்கிலிருந்து, அதாவது தாளின் மேல் இடது மூலையிலிருந்து விழும். ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் ஒருபோதும் அந்தப் பக்கம் நிற்பதில்லை. ஆனால் தெற்கு வெயிலில் எடுத்த உண்மையான செய்மதிப் படத்தில் மலைத்தொடர் பள்ளத்தாக்காகத் தெரியக்கூடும். பொய்ச் சூரியன் சரியான மலையைக் காட்டுகிறது. ஊடகக் கல்வி படித்தவளாக எனக்கு இது இன்னமும் உறுத்தலாகவே இருக்கிறது.

விளக்கைக் கமராவுக்குப் பக்கத்திலேயே வைப்பது இன்னொரு தவறு. நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, வடிவம் அப்பிப்போகிறது. பிளாஷ் போட்டு எடுத்த அடையாள அட்டைப் படங்களில் நம் முகங்களுக்கு நேர்வது இதுதான்.

நிழலிலிருந்து வடிவத்தைத் திருப்பிக் கணக்கிடவும் முடியும். ஹியூலெட் பக்கார்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ரொம் மால்ஸ்பெண்டரும் குழுவினரும் 2001 இல் வெளியிட்ட முறையில், கமரா அசையாமல் நிற்க, விளக்கு மட்டும் இடம் மாறி மாறிப் பல படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு, பிறகு திரையில் எந்தத் திசையிலிருந்தும் ஒளியை விழுத்திப் பார்க்கலாம். ஏதென்ஸில் உள்ள ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையான அந்திகிதேரா இயந்திரத்தின் எழுத்துகளை வாசிக்க, 2005 இல் இம்முறை பயன்பட்டது.

தேய்ந்த கல்வெட்டுகளை வாசிப்போருக்கு இதன் பெறுமதி புரியும். ஒரே திசை ஒளியில் எடுத்த படத்தில், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கீறல்கள் நிழலின்றி மறைந்துவிடும். எழுத்தின் ஒரு கோடு மறைந்தால் அது வேறு எழுத்தாகிவிடலாம். பெயரோ ஆண்டோ மாறிவிடலாம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளிலான 1409 ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு போன்றவற்றை ஒற்றைப் புகைப்படத்தை நம்பி வாசிப்பது ஆபத்து.

வீட்டில் ஒரு நாணயத்தை மேசையில் வைத்து, கைத்தொலைபேசி விளக்கைத் தாழ்வாகப் பிடித்துச் சுற்றிவந்தாலே கோடுகள் தோன்றி மறைவதைக் காணலாம். முறையாகச் செய்ய ஒரு கமரா, முக்காலி, கையில் பிடிக்கும் விளக்கு, பொருளுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பளபளப்பான கறுப்பு உருண்டை ஆகியவை போதும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அந்த உருண்டையில் ஒளிப்புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்து, விளக்கு எங்கே இருந்தது என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.