வெண்கலத்தில் ஒரு பஞ்சாங்கம்

1897-ல் பிரான்சில் லியோன் நகருக்கு வடகிழக்கே கொலிஞி என்ற ஊரில், மண்ணுக்கடியில் உடைந்த வெண்கலத் துண்டுகள் கிடைத்தன. சேர்த்துப் பார்த்தால்... பஞ்சாங்கம்! கி.பி. 2-ம் நூற்றாண்டு. எழுத்து லத்தீன், மொழி மட்டும் அங்கே வாழ்ந்த கெல்டியர்களுடையது.

கணக்கு இதுதான். நிலவை வைத்து 29 அல்லது 30 நாளில் ஒரு மாதம். பன்னிரண்டு மாதம் கூட்டினால் சுமார் 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டுக்கு 11 நாள் துண்டு விழுகிறது! எங்கள் வங்கி பாஷையில், 'டேலி' ஆகவில்லை. அதனால் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு மாதம் கூடுதலாகச் சேர்த்து, மொத்தம் 62 மாதமாக்கினார்கள். இங்கே அக்கம்பக்கத்தில் 'அதிக மாதம்' என்கிறார்களே, அதே உத்திதான். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் சிறு துளை. முளை செருகி நாளைக் குறிக்க.

கெல்டியர்கள் காலத்தை இரவுகளால் எண்ணுவார்கள், அவர்களின் துருயிதுகள் (குருமார்கள்) தங்கள் வித்தையை எழுதி வைக்க மாட்டார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர். பிறகு ஏன் இதை மட்டும் பொறித்தார்கள்? அப்போது ரோமர் ஆட்சி. அரசாங்கக் காலண்டர் சீசருடையது. வாய்வழியாக வந்த கணக்கு பேரப்பிள்ளைகளோடு போய்விடுமோ என்ற பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மொழி இன்று பேச ஆளில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரை முதல் பங்குனி வரை வரிசையாகச் சொல்லத் தெரியுமா? இன்றே கேட்டுப் பாருங்களேன்.