பெயர் மட்டும் கற்பூரம்

என் மகனுக்கு நாலு மாதம் ஆனபோது முதல் தடவையாகச் சளி பிடித்தது. மூக்கு அடைத்தால் நாம் வாயால் மூச்சு விட்டுக்கொள்வோம். பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தைகளுக்கு அது அவ்வளவாகக் கைவராது. மூக்குதான் அவர்களுக்கு வழி. பால் குடிக்கும்போது பாலும் வேண்டும், மூச்சும் வேண்டும். இரண்டு வாய் உறிஞ்சுவான், விடுவான், வீறிடுவான். படுக்க வைத்தால் கொர்கொர் என்று சத்தம், உடனே விழிப்பு. கூலாயில் எங்கள் தாமான் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

பாட்டி எழுந்து வந்தார். அப்பாவின் அம்மா. வயது 84. குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கையில் ஒரு கிண்ணம், அதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், சாமி மேடையிலிருந்து எடுத்த இரண்டு கற்பூரக் கட்டி.

"லேசா சூடு காட்டி நெஞ்சுல, முதுகுல தேச்சு விடு தாயி. ஒங்கப்பனுக்கு, அத்தைங்களுக்கு எல்லாத்துக்கும் இதான். தேச்சு விட்டா அடிச்சுப் போட்டாப்ல தூங்கிரும்."

நான் வேண்டாம் என்றேன். மகனுக்கு ஜி6பிடி குறைபாடு. பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸி ஒரு பட்டியல் கொடுத்தார்: அந்துருண்டை கூடாது, சில சீன மூலிகைகள் கூடாது, கற்பூரமும் மெந்தாலும் உள்ள தைலங்களைத் தேய்க்க வேண்டாம். அதைத்தான் பாட்டியிடம் சொன்னேன்.

பாட்டி கோபப்படவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "சாமிக்குக் காட்டுற பொருளு. அது எப்படிப் புள்ளைக்கு ஆகாமப் போகும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கோயிலுக்கு அல்ல, ஜொகூர் காட்டுக்குக் கூட்டிப் போனது.

*

கற்பூரம் தமிழ்நாட்டில் விளையும் பொருள் அல்ல. ஆனாலும் தமிழில் அது மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கீழ்க்காற்றோடு கப்பலில் வரும் சரக்குகளில் அகில், துகில், சந்தனத்தோடு கற்பூரமும் இருக்கிறது. கீழ்க்காற்று என்றால் கிழக்கிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து. அந்தக் கற்பூரம் சுமத்ரா, மலாயா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு மரத்தினுடையது. மலாய்க்காரர்கள் அதைப் 'போக்கோக் காப்பூர்' என்கிறார்கள். தாவரவியலில் டிரையோபலனாப்ஸ். கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் நின்று அண்ணாந்து எடுத்த ஒரு படம் இணையத்தில் அடிக்கடி சுற்றும்: மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஆறு ஓடுவதுபோல வானம் தெரியும். அது இந்த மரம்தான்.

அதை ஏற்றிய துறைமுகங்களில் பெயர் பெற்றது சுமத்ராவின் மேற்குக் கரையில் இருந்த பாருஸ். அதற்கருகே லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு 1088. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அதில் அந்த ஊரின் பெயர் 'வாரோசு'. நம் வணிகர்கள் அங்கே சங்கம் வைத்து, கல் நட்டு, வரி விதிக்கும் அளவுக்கு வேரூன்றியிருந்தார்கள். அந்தக் கரையின் கற்பூரம் எடைக்கு எடை தங்கம் பெறும் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

ஏன் அந்த விலை? மரத்தின் உள்ளே, பிளவுகளில், படிகமாக உறைந்திருப்பதுதான் கற்பூரம். எல்லா மரத்திலும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். பல மரங்களை வீழ்த்தியும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஜொகூரில் அந்தத் தேடலைச் செய்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள், குறிப்பாக ஜகூன்கள். கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது அவர்கள் வழக்கமான மொழியைப் பேசமாட்டார்கள். அதற்கென்றே தனி மொழி இருந்தது: 'பந்தாங் காப்பூர்'. பந்தாங் என்றால் விலக்கு. ஜேம்ஸ் லோகன் 1847-இல் அதைப் பற்றி எழுதினார். ரஷ்யரான மிக்லூகோ மக்லாய் 1874-75-இல் ஜொகூர் காடுகளில் நடந்து அம்மக்களின் சொற்களைச் சேகரித்தார். 1894-இல் லேக், கெல்சால் என்ற இருவர் ஜொகூரின் கற்பூர மரத்தையும் கற்பூர மொழியையும் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

மரத்துக்கு ஓர் ஆவி உண்டு. அவள் பெண். பெயர் பீசான். இரவில் சில்வண்டின் குரலில் பாடுவாள். அந்தக் குரல் கேட்டால் பக்கத்தில் கற்பூரம் இருக்கிறது என்று பொருள். ஆனால் தேடுபவர்கள் பொருள்களை அவற்றின் உண்மைப் பெயரால் சொன்னால் கற்பூரம் கைக்கு வராது. அதனால் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பெயர். சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு பங்கு வைப்பார்கள்.

தங்க விலைக்குப் போன பொருளைத் தேடியவர்களுக்குக் கிடைத்ததோ பண்டமாற்றாக வந்த துணியும் அரிசியும் இரும்பும்தான். தஞ்சையில் கோயிலில் மணத்த கற்பூரத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒரு காடும், இப்படிப்பட்ட மௌனமும் இருந்தன. நம் வணிகக் கல்வெட்டுகளைப் பெருமையோடு பகிர்கிறோம். மரத்தைப் பிளந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

*

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் காட்டு மனிதர்கள் பொருளைக் காப்பாற்ற பெயரை மாற்றினார்கள். நாம் செய்தது நேர் எதிர். பெயரைக் காப்பாற்றினோம், அதற்குள் இருந்த பொருள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தது.

ஜொகூர் மரத்தில் உறைவது வேதியியலில் போர்னியால். சீனாவிலும் தைவானிலும் ஜப்பானிலும் வளரும் வேறொரு மரத்தின் கட்டையைச் சீவி, ஆவியில் வடித்து எடுப்பதுதான் இன்று உலகம் கேம்ஃபர் என்று சொல்வது. மலிவானது, ஏராளமாகக் கிடைப்பது. அது நம் ஊருக்கு வந்தபோது அதற்கும் கற்பூரம் என்றே பெயர். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் தேவைப்பட்டது. சினிமாச் சுருளும் அதில் அடக்கம். 1899-இல் ஜப்பானிய அரசு தைவான் கற்பூரத்தைத் தன் ஏகபோகமாக்கியது. விலை ஏறியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் கற்பூரம் செய்தார்கள். இன்று நாம் தட்டில் ஏற்றும் வில்லை பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். அதற்கும் பெயர் கற்பூரம்.

கடைசி மாற்றம்தான் பயங்கரம். மலாய் மொழியில் 'காப்பூர் பாருஸ்' என்றால் பாருஸ் துறைமுகத்துக் கற்பூரம். எடைக்கு எடை தங்கம் பெற்ற அதே சரக்கு. இன்று இந்தோனேசியாவில் கடையில் போய் காப்பூர் பாருஸ் கேட்டால், துணிக்குள் வைக்கும் அந்துருண்டையை எடுத்துக் கொடுப்பார்கள். அது நாப்தலின். நிலக்கரித் தாரிலிருந்து வருவது. வெள்ளையாக இருக்கும், நெடி அடிக்கும், தானாகக் கரையும். அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்தது இந்தப் பெயர்தான். பீசான் பாடிய கற்பூரம் வரவில்லை. கூடவே தைலங்களும் வந்தன. கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ரங்கூனிலிருந்து வந்த ஆவ் பூன் ஹாவின் புலித் தைலமும் அங்கிருந்துதான் மலாயா முழுக்கப் பரவியது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண், மூக்கடைத்த குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். டிரசர் எப்போது வருவார் என்று தெரியாது. அவள் கையில் இருந்தது ஒரு கட்டி கற்பூரமும் ஒரு கரண்டி எண்ணெயும். அதைத் தேய்த்தபோது குழந்தை அடங்கியது. உண்மையில் அந்த வாசனை மூக்கைத் திறப்பதில்லை. குளிர்ச்சியாக உணர வைக்கிறது. சளி அங்கேயேதான் இருக்கும். குழந்தை அடங்கியதற்கு அந்தச் சூடான கையே காரணமாக இருக்கலாம்.

ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வாய்க்குள் போனால் ஒரு தேக்கரண்டிக் கற்பூர எண்ணெய்கூடச் சின்னப் பிள்ளைக்கு வலிப்பை வரவழைத்து உயிரை எடுக்கும். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் கற்பூர எண்ணெயைத் தடை செய்தார்கள். தைலங்களில் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். மெந்தால் நெடி கைக்குழந்தையின் மூச்சையே ஒரு கணம் நிறுத்திவிடக்கூடும்.

*

இதையெல்லாம் பாட்டியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். காட்டுக் கதையை ரொம்ப ரசித்தார். "எங்க தோட்டத்து ஓரத்துல சக்காய்ங்க வருவாங்க, பிரம்பு கொண்டாருவாங்க" என்றார். 'சக்காய்' இழிவான சொல், ஒராங் அஸ்லி என்று சொல்லணும் பாட்டி என்றேன். "நம்மளத்தான் கெலிங்னு சொன்னாங்க, நாம அவங்கள இப்படிச் சொல்லியிருக்கோம்" என்று கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அந்துருண்டைக்கு வந்தேன். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தையின் ரத்தச் சிவப்பணு நாப்தலினைத் தாங்காது. உருண்டையோடு பெட்டியில் இருந்த துணியைச் சுற்றினாலே போதும், அணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை ஏறும், மூளை வரை போகும். இந்தக் குறைபாடு என்னவென்று கண்டுபிடிக்கப்பட்டதே 1956-இல்தான். பச்சைக் குழந்தைகள் காமாலையில் சாவதைப் பார்த்து, 1965 முதல் சிங்கப்பூர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் சோதிக்க ஆரம்பித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். "பாச்சா உருண்டையா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ஒங்கப்பனுக்கு முன்னாடி ஒன்னு இருந்துச்சு. ஆம்பளப் புள்ள. அறுபத்திரெண்டுல. ஒம்பதாம் நாளு மஞ்சளாப் போயி, பாலு குடிக்காம, முதுகு வில்லா வளைஞ்சு போயிருச்சு. பேயடிச்சிருச்சுன்னாங்க."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இரும்புப் பெட்டி இன்னும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறது. திறந்தால் என்ன வாசம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காமாலைக்குக் காரணங்கள் பல. இதுதான் என்று யாரும் இப்போது சொல்ல முடியாது. இந்தக் குறைபாடு தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது, அப்பா மூலமாக என் வழி என் மகனுக்கும் வர முடியும் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

பாரம்பரிய மருத்துவம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம் தலைமுறை இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சிக்குப் பாட்டி சொன்னதெல்லாம் அறிவியல். இன்னொரு கட்சிக்கு அவர் சொன்னதெல்லாம் மூடநம்பிக்கை. இரண்டு கட்சியும் பாட்டியின் கையில் இருந்தது என்ன என்று பார்ப்பதில்லை. ஐந்நூற்றுவர் ஏற்றிய கற்பூரத்தின் பெயரை நம்பி, தொழிற்சாலை உருண்டையைக் குழந்தைத் துணிக்குள் வைத்தவர்கள் அவர்கள். அன்பு பழையது. சரக்கு புதியது. அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கங்காணி சொல்லவில்லை, கிராணி சொல்லவில்லை, துரை சொல்லவில்லை.

அன்றிரவு நாங்கள் செய்தது சின்ன விஷயம். ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டேன். பார்மசியில் கிடைக்கும். ஒரு நிமிஷம் விட்டு, ரப்பர் உறிஞ்சியால் சளியை மெல்ல எடுத்தேன். பால் கொடுப்பதற்குச் சற்று முன் செய்தால் குடிக்க முடியும். தலையணை வைத்து உயர்த்தக் கூடாது, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்கினாலோ, பால் அறவே மறுத்தாலோ, மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

உறிஞ்சியைப் பார்த்துப் பாட்டி சிரித்தார். "நாங்க வாயாலயே உறிஞ்சித் துப்பிருவோம்" என்றார். பிறகு குழந்தையை வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தார். எண்ணெய் இல்லாத கையால் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மூன்றரை மணிக்கு அவன் தூங்கிப் போனான்.

காலையில் அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைத்திருந்தார். இரண்டு கட்டிக் கற்பூரமும் சாமி மேடைக்கே திரும்பப் போயிருந்தது. அந்த வாரம் இரும்புப் பெட்டியிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து வெயிலில் காயப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.