எம்.டி. 90 வாங்கப் போகிறீர்களா? எஞ்சினையும் பாருங்கள், புத்தகத்தையும் பாருங்கள்

வடக்கில் ‘எம்.டி. 90’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. யப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா நிறுவனம் செய்த மோட்டார் சைக்கிள் அது. 1958இல் வெளிவந்த சுப்பர் கப்பின் வழிவந்தது. ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், மூன்று கியர். கிளச் பிடி கிடையாது. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தவை இங்கே வந்து நெல்மூட்டை, விறகு, நோயாளி, இடம்பெயர்ந்த குடும்பம் என்று எல்லாவற்றையும் சுமந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய சைக்கிள்களுக்குக் கிராக்கி கூடியது. 2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் என்றபோது இன்னும் கூடியது. பல வருடமாக ஒன்றை வைத்து ஓட்டுகிறவன் என்பதால் என்னிடம் விசாரிப்பவர்கள் அதிகம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், அந்த எஞ்சின் எதைக் குடித்து வாழ்ந்தது என்று கேளுங்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் இங்கு மருந்துபோல ஆனது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது ரிங்ஸைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும்; பிளக்கிலும் வால்விலும் கரி படியும். எளிமையான எஞ்சின் என்பதால் எம்.டி. 90 தாங்கிக்கொண்டது. ஆனால் அந்தத் தேய்மானம் உள்ளே இருக்கும். புதுப் பெயின்ற் அதை மறைக்கும், மாற்றாது.

பார்க்கப் போகும்போது ‘ஸ்ராட் செய்து வைக்க வேண்டாம்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் கொம்பிறசன் போய்விட்டது. ஓடவிட்டு முறுக்கும்போது நீலப்புகை வந்தால் பெரும்பாலும் ரிங்ஸ், சிலிண்டர் பிரச்சினை. முறுக்கியதை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்தால் வால்வுப் பக்கம் சந்தேகப்படலாம். இடப்பக்கத்தில் சலசலவென்ற சத்தம் கேட்டால் ரைமிங் செயினைப் பார்க்க வேண்டும்.

உதிரிப்பாகம் வாங்குவதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹொண்டா 90 வகை எஞ்சின்கள் எல்லாம் ஒரே அளவல்ல. பழையதில் பிஸ்ரன் 50 மில்லிமீற்றர், கொள்ளளவு 89 சிசி. பிந்தியதில் 47 மில்லிமீற்றர், 85 சிசி. கழற்றி அளந்தபின்பே பிஸ்ரன் வாங்குங்கள். மின்சாரமும் அப்படித்தான். பழையவை 6 வோல்ற், பிந்தியவை 12 வோல்ற். 6 வோல்ற் சைக்கிளில் 12 வோல்ற் பல்ப்பைப் போட்டுவிட்டு வெளிச்சம் இல்லை என்று காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பல வருடம் கொட்டிலில் நின்ற சைக்கிள் என்றால் தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே பிடித்த துரு காபரேற்றர் ஜெற்றை அடைத்துக்கொண்டே இருக்கும். ரயர், ரியூப், பிறேக் கட்டை மூன்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓட்டத் தொடங்கினால் ஓயில்தான் உயிர். இந்த எஞ்சின் பிடிப்பது ஒரு லீற்றருக்கும் குறைவு. கிளச்சும் அதே ஓயிலில்தான் நனைகிறது, மாற்றிப்போடும் பில்ரரும் கிடையாது. 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை நான் மாற்றுவேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 வரை. பொயின்ற் உள்ள எஞ்சினில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. ஒரு பீலர் கேஜும் இரண்டு சாவியும் இருந்தால் இவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

இனிப் புத்தகம். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்களே துடைத்துப் பாருங்கள். இலக்கம் உள்ள இடம் அராவப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவு என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். கையெழுத்து மட்டும் வைத்துக் கைமாறிவரும் ‘ஓப்பின் பேப்பர்’ சைக்கிளில், பதிவு உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் அது சாதாரணக் கேள்வி அல்ல.

ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கம் ஒன்றைப் பார்க்கப் போனேன். புத்தகம் கணவரின் பெயரில் இருந்தது. அவர் 2009 மே மாதத்துக்குப் பின் இல்லை. ‘மரணச் சான்றிதழ் எடுத்தால் பெயர் மாற்றலாம்’ என்று கூடவந்த தரகர் சொன்னார். அந்த அக்கா, ‘சைக்கிளுக்காக அவரைச் செத்தவர் என்று நான் எழுதிக் குடுக்கமாட்டன் தம்பி’ என்றார். அதற்குமேல் விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய நிலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2016இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். காணாமல்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது இடம் தருகிறது. தற்காலிகமாக என்பதைக் கவனியுங்கள். விற்பதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். வாங்குபவர்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

அன்று நான் சைக்கிளை வாங்கவில்லை. காபரேற்றரைக் கழுவி, பிளக் மாற்றி, ஸ்ராட் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். நாலாவது உதையில் பற்றியது.