ஆந்திர கேசரியின் 166

மொத்தம் 375 இடம். ஆட்சி அமைக்க 188 வேண்டும். காங்கிரஸிடம் இருந்தது 152.

1952 தேர்தலில் சென்னை மாகாண காங்கிரஸ் வாங்கிய அடி அதற்கு முன் அது வாங்காதது. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தோற்றார். பக்தவத்சலம் தோற்றார். கோபால ரெட்டி தோற்றார். ஆந்திர காங்கிரஸின் பெரிய புள்ளி சஞ்சீவ ரெட்டி, அனந்தப்பூரில் தன் உறவினரும் கம்யூனிஸ்ட்டுமான தரிமெல நாகி ரெட்டியிடம் மண்ணைக் கவ்வினார். தெலுங்குப் பகுதியின் 143 இடங்களில் கட்சிக்குத் தேறியது நாற்பது சொச்சம்தான். மலபாரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

எதிர்வரிசையில் கம்யூனிஸ்ட்டுகள் 62. அதில் மதுரை பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தவர். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35. ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19, ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சிக்கு 15, சோஷலிஸ்ட்டுகளுக்கு 13, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீகுக்கு 5. எந்தக் கொடியும் பிடிக்காத சுயேச்சைகள் மட்டும் 62 பேர். கம்யூனிஸ்ட்டுகளுக்காகப் பெரியார் மேடை ஏறியதையும், தி.மு.க. தான் நிற்காமல் வன்னியர் கட்சிகள் இரண்டிடமும் திராவிட நாட்டுக்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டதையும் முன்பே பார்த்துவிட்டோம்.

இந்த நெல்லிக்காய் மூட்டையைக் கட்டித் தூக்க முன்வந்தவர் டங்குடூரி பிரகாசம். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட்டுகள், தன் பிரஜா கட்சி, உதிரிகள், சுயேச்சைகள் என்று சேர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று பெயர் சூட்டி, 166 பேர் என் பின்னால் என்று கவர்னரிடம் உரிமை கோரினார். 152-ஐவிட 166 பெரிது. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனாலும் கவர்னர் மாளிகை வேறு கணக்குப் போட்டது.

அந்தக் கணக்குக்குள் போகுமுன் இந்த மனிதரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சென்னையில் பிராட்வேக்குப் பிரகாசம் சாலை என்று பெயர் வைத்திருக்கிறோம். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதில் நடக்கிறார்கள். யார் அந்தப் பிரகாசம் என்று கேட்டால் பாதிப் பேர் ஏதோ வியாபாரி என்பார்கள்.

ஓங்கோல் பக்கத்து ஏழைக் குடும்பம். சின்ன வயதில் தகப்பன் போய்விட்டார். நன்றாகப் பாடுவான், நன்றாக நடிப்பான் என்று பையனை நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்திரீ பார்ட் வேஷம். ஹனுமந்தராவ் நாயுடு என்ற ஆசிரியர் கைதூக்கிவிட்டார். பிறகு ராஜமுந்திரியில் வக்கீல். அங்கேயே நகரசபைத் தலைவர். அது போதாதென்று கப்பலேறி லண்டன் போய் பாரிஸ்டரானார். 1907-இல் திரும்பி, மெட்ராஸ் ஹைகோர்ட்டில் கொட்டிக் குவித்தார். அந்த ஆண்டு பிபின் சந்திர பால் மெட்ராஸுக்கு வந்தபோது, மேடையில் பக்கத்தில் உட்காரவே பெரிய மனிதர்கள் பயந்தார்கள். தலைமை வகிக்கத் துணிந்தவர் இவர்.

1921-இல் வக்கீல் தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஸ்வராஜ்யா’ பத்திரிகை ஆரம்பித்தார். சம்பாதித்ததெல்லாம் அதில் கரைந்தது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் இவ்வளவு முழுமையாகக் கரைந்தவர்கள் குறைவு.

1928 பிப்ரவரி 3. சைமன் கமிஷன் பம்பாயில் இறங்கிய நாள். மெட்ராஸில் ஹர்த்தால். ஹைகோர்ட் பக்கத்தில் போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞர் செத்து விழுந்தார். உடலைப் பார்க்க வேண்டும் என்று பிரகாசம் வந்தார். நகர்ந்தால் சுடுவோம் என்று துப்பாக்கி நீண்டது. சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி, சுடு என்றார். சுடவில்லை. அன்றுமுதல் ஆந்திர கேசரி. இப்படிப்பட்ட சம்பவங்கள் காலப்போக்கில் கொஞ்சம் உப்பிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அந்த மார்பு இன்னொருவருடையதாக இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்; பிரகாசம் என்றால் நம்புகிறேன்.

சரி, இவரை ஹீரோவாக்கி நிறுத்திவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். கூட்டணித் தலைவராக இவர் எப்படி என்று பார்த்தால் வேறொரு பிரகாசம் தெரிவார். 1946-இல் காந்தி சொல்லியும் ராஜாஜி வேண்டாமென்று எம்.எல்.ஏ.க்கள் கிளம்பியபோது, அந்தச் சண்டையின் இடுக்கில் முதலமைச்சரானவர் இவர். பதினோரு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. கதருக்காக மில் விரிவாக்கத்தை நிறுத்துகிறேன் என்றார், மில்காரர்கள் சீறினார்கள். யாரையும் கலக்காமல் முடிவெடுப்பார், எடுத்த முடிவிலிருந்து இறங்கமாட்டார். 1947 மார்ச்சில் சொந்தக் கட்சியே இறக்கிவிட்டது. காமராஜர் அதில் என்ன செய்தார் என்பது ஓமந்தூரார் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது.

இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1947 ஜனவரியில், ஓர் அவசரச் சட்டம் போட்டார் பிரகாசம். அதைக் காட்டிக் கம்யூனிஸ்ட்டுகளைக் கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளினார்கள். அன்று அவர் பூட்டிய ஆட்கள்தான் ஐந்து வருஷம் கழித்து அவரைத் தலைவரே என்று கூப்பிட்டுக்கொண்டு கவர்னர் மாளிகைக்கு அனுப்பினார்கள். ரங்காவோடும் அதே கதை. 1951-இல் இருவரும் சேர்ந்து காங்கிரஸை விட்டு வெளியே வந்து ஒரு கட்சி ஆரம்பித்து, அதற்கு வர்ணம் காயுமுன் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஆக 166 என்பது எண்ணிக்கை. கூட்டணி அல்ல. காங்கிரஸ் வேண்டாம் என்ற ஒரு வரியைத் தாண்டி அவர்களுக்குள் ஒத்துப்போன சமாச்சாரம் மிகக் குறைவு. தெலுங்கு உறுப்பினர்களுக்குத் தனி ஆந்திரா வேண்டும். அது கிடைத்த மறுநாள் இந்தச் சபையே இரண்டாகிவிடும். பிரிந்து போகிற வீட்டுக்கு எந்தத் தமிழ் சுயேச்சை வெள்ளையடிப்பான்? நில விஷயத்தில் கம்யூனிஸ்ட்டுகள் சொல்வதைக் கேட்டால் பிரஜா கட்சியின் வசதியான விவசாயிகளுக்கே வயிற்றைக் கலக்கும்.

இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன்: பிரகாசத்தைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். மார்ச்சில் கவர்னராக வந்து இறங்கிய காசிக்காரர் ஸ்ரீபிரகாசா, கூட்டணி நிலைக்காது என்று தானே ஜோசியம் பார்த்தார். நிலைக்குமா நிலைக்காதா என்று பார்ப்பதற்குத்தானே சட்டசபை என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம்? ஒரு வாரத்தில் கவிழ்ந்திருந்தாலும் பரவாயில்லை, சபையில் கவிழ்ந்திருக்கும்.

கூப்பிடப்பட்டவர் ராஜாஜி. டெல்லி உள்துறையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தவர். தேர்தலில் நிற்கவில்லை. இடைத்தேர்தலிலும் நிற்கமாட்டேன் என்றார். மேலவைக்கு கவர்னரே நியமித்தார். இலக்கியம், கலை, அறிவியல், கூட்டுறவு, சமூக சேவையில் சிறந்தவர்களுக்காக அரசியல் சட்டம் திறந்து வைத்த கதவு அது. ராஜாஜி இலக்கியவாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவரை உள்ளே அழைத்தது இலக்கியத்துக்காக என்று ஸ்ரீபிரகாசாவே நம்பியிருக்கமாட்டார். நேருவுக்கே இந்தக் கொல்லைப்புற வழி ரசிக்கவில்லை. பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார்; மனு தள்ளுபடி. 1952 ஏப்ரல் 10, ராஜாஜி பதவியேற்றார்.

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. மாணிக்கவேலு நாயக்கரை மந்திரிசபையில் உட்காரவைத்தார். ஆறு ஓட்டு வந்தது. படையாட்சியார் மந்திரிசபைக்குள் வராமல் வெளியே நின்று கை கொடுத்தார், பத்தொன்பது. முஸ்லிம் லீகின் ஐந்து. திராவிட நாட்டு உறுதிமொழி என்ன ஆனது என்று அண்ணா கேட்க வேண்டியதாயிற்று. கம்யூனிஸ்ட்டுகள்தான் என் முதல் எதிரி என்று சபையிலேயே அறிவித்து, ஊசலாடிக்கொண்டிருந்த மிராசுகளையும் மிட்டாதார்களையும் பயமுறுத்தித் தன் பக்கம் தள்ளினார். ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை ஒரே போடாக ரத்து செய்தார். ரேஷன் க்யூவில் நின்று கால் வலித்த ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய அரசியல் வேண்டியிருக்கவில்லை.

பிரகாசத்தின் கையில் கொடுக்க என்ன இருந்தது? மந்திரி பதவி இல்லை, அரிசி இல்லை, கவர்னர் இல்லை. பழைய மார்பு ஒன்று இருந்தது. சுயேச்சைகள் அதைப் பார்க்க வரவில்லை. முன்னணி வாரத்துக்கு வாரம் தேய்ந்தது.

இதில் ஒரு கூத்து பாக்கியிருக்கிறது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தபோது முதல் முதலமைச்சர் யார்? பிரகாசம்தான். உட்காரவைத்தது யார்? 1952-இல் அவர் வந்தால் மாகாணமே மாஸ்கோவாகிவிடும் என்று அலறிய அதே காங்கிரஸ். துணை முதல்வர் நாற்காலியில் அனந்தப்பூரில் தோற்ற சஞ்சீவ ரெட்டி. பதின்மூன்று மாதம் ஓடியது. 1954 நவம்பரில் மதுவிலக்கு விஷயத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தார். எதிர்வரிசையில் நின்று கவிழ்த்தவர்கள் அவருடைய பழைய கூட்டாளிகளான கம்யூனிஸ்ட்டுகள்.

1952 ஜூலை 3 நம்பிக்கை வாக்கெடுப்புக்கு இந்த இதழில் இடமில்லாமல் பிரகாசமே நிறைந்துவிட்டார். ராஜாஜிக்கு 200, எதிராக 151 என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 152 எப்படி 200 ஆனது, யார் யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது அடுத்த வாரம்.